புலிக்காவைப் பெண் பார்த்த கதை

ஆம்பூரில் வெள்ளைப் புலியைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மத்தியானச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தவர் யாரும் கிடையாது. புலிக்கா விடமாட்டாள்.

எங்கள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் என் பக்கத்து மெஷின் அவளுடையது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கம்பெனி டூரில் வண்டலூர் போனபோது ஒரு வெள்ளைப் புலி அவளை நிமிர்ந்து பார்த்ததாம். நீலக் கண்ணாம். நாங்களெல்லாம் யானை பார்த்து, ஐஸ்கிரீம் தின்று திரும்ப, அவள் மட்டும் காதலில் விழுந்தவள் மாதிரி பஸ் ஏறினாள். அன்றிலிருந்து அதே பேச்சு. பனிமலையில் இருக்கும் என்று யாராவது சொன்னால் போதும், மெஷினை நிறுத்திவிடுவாள். அது தனி இனம் இல்லை, நம்ம புலியேதான், நிறம் மட்டும் வெளுப்பு. ஒரு காலத்தில் மத்தியப் பிரதேசத்து ரீவா காட்டுப் பக்கம் இருந்தது, இப்போது இருப்பதெல்லாம் பூங்காக்களில்தான் என்று முடித்துவிட்டுத்தான் மறுபடி நூல் கோப்பாள். ஷூ வாங்க வந்த ஜெர்மன்காரருக்கே இதைச் சைகையில் விளக்கினாள். அவர் ஷூவில்தான் ஏதோ குறை என்று பயந்து, பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தார்.

இந்தப் பைத்தியம் பெண் பார்க்கும் படலத்திலும் புகுந்தது. வாலாஜாபேட்டை மாப்பிள்ளையிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, வெள்ளைப் புலி எங்கே இருக்கும் என்பது. இமயமலை என்றார். பாடம் முடிவதற்குள் பஜ்ஜி ஆறிப்போய், மாப்பிள்ளையின் அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சோளிங்கர் மாப்பிள்ளை ஆப்பிரிக்கா என்றார். அங்கே எந்த நிறத்திலும் காட்டுப் புலியே கிடையாது என்று அக்கா சொல்ல, அப்போ சிங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசினார். அதுவும் போனது.

மூன்றாவது, காட்பாடியிலிருந்து ஒரு ஏசி மெக்கானிக். முந்தின நாளே அக்காவின் அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். "புலின்னு வாயத் தொறந்தே, நான் என் தம்பி வூட்டுக்குப் போய்டுவேன்."

அம்மா இல்லாமல் அவளுக்கு ஒரு நாள்கூட ஓடாது. அதனால் தலை குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணைக்குப் போன எனக்கே பாவமாக இருந்தது.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, எல்லோரும் ஏன் புலிக்கா என்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். அம்மா பலமாக இருமினார். நான் சொல்லிவிட்டேன், வெள்ளைப் புலி என்றால் அக்காவுக்கு உயிர் என்று.

"வண்டலூர்ல கீதே, அதுவா? நான் எப்ப போனாலும் தூங்கிட்டுதாங்க இருக்கும்."

அக்கா நிமிர்ந்தாள். "எப்ப போவீங்க?"

"மத்தியானம்."

"மத்தியானம் போனா அது இன்னா பண்ணும், பாவம். காலைல போணும்."

"அப்போ காலைல போலாங்க," என்றார் அவர்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கல்யாணம் ஆன கையோடு இருவரும் வண்டலூர் போய்ப் போட்டோ அனுப்பினார்கள். காலை நேரம்தான். புலி தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் காட்பாடியில். என் பக்கத்து மெஷினில் வேறொரு பெண். நல்ல பெண், எதைச் சொன்னாலும் ஆமாம் என்கிறாள். போன வாரம் தாங்க முடியாமல் அக்காவுக்குப் போன் போட்டு, பென்குயின் எல்லாம் வட துருவத்தில்தானே இருக்கும் என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் முழுக்கத் திட்டினாள். நான் போனை இன்னும் கொஞ்சம் காதோடு அழுத்திக்கொண்டேன்.