செருப்பு வாங்கியவருக்கு ஐந்து நன்றி

மதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது.

நான் இங்கே சௌக்கியம். அங்கே தங்கள் முழங்காலும் அத்தையின் பிரஷரும் சொன்ன பேச்சு கேட்டு நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன். "வேலை நிரந்தரமாச்சா இல்லையா மாப்பிள்ளை? பொண்ணையும் பேத்தியையும் அனுப்ப நான் டிக்கெட் போடலாமா, கூடாதா?" என்று போனில் கேட்டீர்கள். நான் சிக்னல் கிடைக்காதவன்போல் "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பீர்கள் என்பதால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் கம்ப்யூட்டர் குழுவில் என்னையும் சேர்த்து நம்மவர்கள் ஐந்து பேர். தலைவியம்மா வேறு தேசம். இன்னொருவரும் அவர் தேசம்தான். எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்பதால் அவருக்கு ஏன்சாமி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருநாள் அவர் நிறைந்த கூட்டத்தில், "நம்ம கம்பெனி என்னதான் விக்குது?" என்று கேட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது மாமா! தலைவியம்மா "அருமையான கேள்வி" என்றார். ஆள் தொலைந்தான் என்று நாங்கள் காத்திருந்தோம். பதவி உயர்வு கொடுத்தார்கள். நம்ம பள்ளிக்கூடத்துல இப்படிக் கேட்டிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பாங்க.

நம்ம வழக்கம் வேற இல்லையா? தலைவியம்மா விளக்கி முடித்து "சந்தேகம் இருக்கா?" என்பார். ஐந்து தலையும் ஒன்றாக "இல்லை" என்று ஆடும். அப்புறம் காபி மெஷின் பக்கம் ஒதுங்கி, "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒருவரையொருவர் கேட்போம். ஒருத்தனுக்குத் தலை புரிந்திருக்கும், ஒருத்தனுக்கு வால். ஒட்டிப் பார்த்தால் வேலை வந்துவிடும். இதுவரை குறை வந்ததில்லை. போன வாரம் பார்த்து அந்த மெஷினை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிற்க இடமில்லாமல் அவரவர் நாற்காலிக்குப் போய்விட்டோம்.

எங்கள் இணையக் கடையில் செருப்பு வாங்குகிறவருக்கு ஒரு நன்றிச் செய்தி போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதில் யாருக்கு எந்தப் பங்கு என்று தலைவியம்மா சொன்னது எவனுக்கும் பிடிபடவில்லை. கேட்டால் மானம் போகும் என்று ஆளுக்கு ஆள் முழு வேலையையும் சத்தமில்லாமல் செய்து முடித்துவிட்டோம். செருப்பு வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஐந்து நன்றி போனது. ஒருவர் பயந்துபோய், "போதுங்க, செருப்பையே திருப்பி எடுத்துக்குங்க" என்று எழுதிவிட்டார்.

கூட்டம் கூடியது. "யாருக்குப் புரியலை?" என்றார் தலைவியம்மா. கோபமே இல்லை. அதுதான் சிக்கல். ரெண்டு திட்டு திட்டினால் விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகப் போகலாம். நாங்கள் ஐவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்கிற வாரம் வேறு. "அப்பா, நீ போனுக்குள்ளேயேதான் இருப்பியா?" என்று பாப்பா கேட்டது நினைவுக்கு வந்தது மாமா. கையைத் தூக்கிவிட்டேன். "எனக்குப் புரியலைங்க. அன்னைக்கும் புரியலை. அதுக்கு முன்னாடி சொன்னதும் புரியலை."

தலைவியம்மா எழுந்து நின்று கைதட்டினார்! ஏன்சாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் நம்மவர்கள் நால்வர் மட்டும், "உனக்குப் புரியலைன்னா உன்னோட வெச்சுக்க வேண்டியதுதானே? எங்களையும் ஏன் மாட்டிவிடறே?" என்று பிடித்துக்கொண்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. இனி எனக்குக் கூச்சம் கிடையாது. புரியாததை அங்கேயே, அப்போதே கேட்டுவிடுவேன். கைதட்டினவங்க வேலையைவிட்டா அனுப்புவாங்க? தாராளமாக டிக்கெட் போடுங்கள். பாப்பாவுக்கு ஜன்னலோரம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். மச்சானை விசாரித்ததாகச் சொல்லவும். பாப்பாவுக்கு முத்தம், அவள் அம்மாவுக்கும். (உரக்கப் படிக்கும்போது கடைசி வார்த்தையை விட்டுவிடவும்.)

தங்கள் ஆசியை வேண்டும்
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தலைவியம்மா என் இடத்துக்கே வந்து, என் வேலை விஷயமாக நீளமாகப் பேசி, தோளைத் தட்டி, "சந்தேகம் இருக்கா?" என்றார். "இல்லைங்க" என்றேன். நிரந்தரம் என்றாரா, கிளம்பச் சொன்னாரா தெரியவில்லை. இவர்கள் இரண்டுக்கும் தோளைத்தான் தட்டுகிறார்கள். டிக்கெட்டை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். திரும்பப் போய்க் கேட்கலாம்தான். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு தடவை புரியலை என்றால், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் மாமா?