மஃபின் வாயை மூடிய கதை

மந்தைவெளி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சாய்சரணுக்கு, மாமனார் கல்யாணராமன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியார் ஹம்சாவும் சௌக்கியம். புனேயில் நீங்களும் ஸ்நேஹாவும் குறைவில்லாமல் இருக்கக் கற்பகாம்பாள் அருள வேண்டும். வாட்ஸ்அப்பில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலைத்தான் பதிலாகக் காட்டுகிறீர்கள். ஆகவே, நாய்க்கென்று நீங்கள் அனுப்பிய ரிமோட் கழுத்துப்பட்டையைத் திருப்பி அனுப்பும் பெட்டியிலேயே இக்கடிதத்தையும் வைக்கிறேன்.

ஸ்நேஹா எங்களிடம் விட்டுப்போன மஃபின், பால்கனியில் நின்று தெருவில் போகிற அத்தனை பேரையும் பார்த்துக் குரைப்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் சண்முகசுந்தரம் நேரில் வந்து, "ரெண்டு வாரம் டைம் சார். அதுக்குள்ள அது வாயை மூடணும். இல்லேன்னா வேற இடம் பாத்து அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ஹம்சா சாப்பிடவில்லை, மஃபினும் சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன், அதற்குப் பேச்சும் வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் பட்டை வந்தது. ரிமோட்டில் பீப் சத்தம், அதிர்வு, ஷாக் என்று மூன்று பொத்தான்கள். "வாயில்லா ஜீவனுக்கு ஷாக்கா? மொதல்ல உங்க கையில கட்டிண்டு பாருங்கோ" என்றாள் ஹம்சா. வாயில்லா ஜீவனாக இருந்தால் இந்தப் பட்டையே எதற்கு என்று கேட்க நினைத்தேன். கட்டிக்கொண்டேன். கண்ணாடி போடாமல் அவள் எந்த அளவில் வைத்து அமுக்கினாளோ, நான் போட்ட கூச்சலில் மஃபின் குரைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. அந்தப் பொத்தானின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டோம்.

அடுத்து பீப். குரைத்தால் பீப், அதைக் கேட்டு வாயை மூடினால் பிஸ்கட். மூன்றே நாளில் கற்றுக்கொண்டது. என்னவென்று? குரைத்தால் பீப் வரும், பீப் வந்தால் பிஸ்கட் வரும் என்று. தெருவில் ஈ காக்கை இல்லாதபோதும் பால்கனிக்குப் போய் ஒரு தடவை குரைத்துவிட்டு, என் சட்டைப்பையைத் திரும்பிப் பார்க்கும். அதிர்வு வைத்தபோது, தன் கழுத்தடியில் யாரோ உறுமுகிறார்கள் என்று அதற்கும் சேர்த்துக் குரைத்தது.

பதினோராம் நாள், மீன் விற்கும் அங்காளம்மாள் கூடையை இறக்கிவைத்து நிமிர்ந்து எங்கள் பால்கனியைப் பார்த்தாள். "இன்னா சாமி, நாய்க்குத் தாலி கட்டிக்கினு கீறே?" விவரம் சொன்னேன். மூன்று நாளில் அதை அனுப்பிவிட வேண்டும் என்பதையும் சொன்னேன். "அத்த கழட்டு மொதல்ல. மேலயே பூட்டி வச்சா அது கத்தாம இன்னா பண்ணும்? கீழ இட்டுக்கினு வா. நான் யாருன்னு ஒருவாட்டி மோந்து பாக்கட்டும்" என்றாள்.

கழற்றிவிட்டு இறக்கிக்கொண்டு போனேன். மஃபின் அவளைப் பத்து நிமிடம் மோந்து, பிறகு வாலை ஆட்டியது. "நம்ம மாப்ளைக்கு இவ்ளோதான் வேண்டியிருந்திச்சு" என்றாள். மஃபின் என்ற பெயர் அவள் வாயில் அப்படித்தான் வருகிறது, தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடையிலிருந்து ஒரு நெத்திலி அதன் வாய்க்குள் போனதை நான் பார்க்கவில்லை. பால்கனியில் நின்றிருந்த ஹம்சாவும் பார்க்கவில்லை.

அன்று முதல் காலையும் மாலையும் அரைமணி நேரம் தெருவில் நடக்கிறோம். இஸ்திரி போடுபவர், பூக்காரம்மா, கூரியர்காரர் என்று எல்லோரையும் மோந்து பார்த்தாயிற்று. இப்போது எல்லோருமே அதற்குத் தெரிந்தவர்கள், குரைப்பே இல்லை. ஞாயிறன்று சண்முகசுந்தரம் வந்து கால்மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காபியைக் குடித்துவிட்டு, "இருக்கட்டும் சார், இங்கயே இருக்கட்டும்" என்றார். ஹம்சா அடுக்களைக்குள் போய் அழுதாள். ஆகவே மாப்பிள்ளை, இனி நாய்க்கென்று எந்தக் கருவியும் அனுப்ப வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
கல்யாணராமன்

பி.கு.: பெட்டியை இன்னும் ஒட்டவில்லை. இன்று காலை தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்திருக்கிறது; தெருவில் போகிற ஏதோ வண்டி என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்க, கேட்டைத் திறக்க ஆளில்லாமல் லாரி திரும்பிப் போய்விட்டது. இத்தனை நாளும் லாரி வந்ததை எல்லா வீட்டுக்காரர்களும் மஃபின் குரைத்துத்தான் தெரிந்துகொண்டார்களாம். மஃபினோ இன்று டிரைவரைப் பார்த்து வாலாட்டியிருக்கிறது. காலி வாளியோடு வாசலில் நிற்கும் சண்முகசுந்தரம், "லாரிக்கு மட்டுமாவது குலைக்கச் சொல்லுங்க சார்" என்கிறார். நானும் ஹம்சாவும் மாற்றி மாற்றிக் குரைத்துக் காட்டிவிட்டோம். மஃபின் எங்களைப் பரிதாபமாகப் பார்க்கிறது. குரைக்க வைக்கும் கருவி ஏதாவது விற்றால் உடனே அனுப்பவும்.