நாளைக்கு மழை வராது

"அனுப்பாதீங்க சார்" என்றாள் மெர்சி.

வெங்கட்ரமணனின் கட்டைவிரல் போனுக்கு மேல் நின்றது. ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் அவர் எச்.ஆர். மேனேஜர். 'புயல் காரணமாக நாளை விடுமுறை. ஈடாக ஞாயிறு வேலை நாள்' என்ற செய்தி எல்லா ஆட்களுக்கும் போகத் தயாராக இருந்தது.

"டிவில எல்லாரும் இங்கதான் கரையைக் கடக்கும்கறா."

"கடக்காது சார். வடக்க, ஆந்திரா பக்கம் போயிடும்."

மறுநாள் கம்பெனி பஸ்களை ஓட்டலாமா என்று வானிலை பார்த்துச் சொல்வது மெர்சியின் வேலை. இரண்டு முறை பெருமழை என்றாள். இரண்டு முறையும் வெயில் கொளுத்தியது. ஈடாக வேலை பார்த்த ஞாயிறுகள் இரண்டும் அவளுடைய நிச்சயதார்த்தத்துக்குக் குறித்திருந்தவை. வரும் ஞாயிறு மூன்றாவது.

"உன்னை நம்பி ரெண்டு தடவை லீவு விட்டேன்."

"அப்போ என் கம்ப்யூட்டர் மாடல்ல ஓசோன் இல்ல சார். இப்போ சேட்டிலைட் அளந்து குடுக்கறதையும் சேத்துக் கணக்கு போடுது."

"ஓசோன்ல ஓட்டைன்னு படிச்சிருக்கேன். ஓட்டை இருந்தா ஒழுகாதோ?"

மெர்சி போர்டில் வரைந்தாள். "ரொம்ப ஒசரத்துல ஓசோன் காத்தோட போவும். அது எப்படி நகருதுன்னு பாத்தா, மேல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியும். புயலைத் தள்றது அந்தக் காத்துதான்."

உள்ளே வந்த பாதுகாப்பு அதிகாரி சுப்பராயன் போர்டைப் பார்த்தார்.

"ஓசோன் விஷமாச்சே. எந்த ஷெட்ல லீக்கு?"

"எங்கயும் இல்ல சார். வானத்துல இருக்கறது."

"அப்போ எல்லா ஷெட்டுக்கும் மாஸ்க் குடுக்கணும்."

சிறிது நேரத்தில் ஆட்கள் மாஸ்க்கோடு வெளியே வந்து நின்றார்கள். கார் பூட்டும் லைன் நின்றது. மெர்சி ஓடினாள்.

"ஓசோன் மேல இருந்தா நல்லதுதாண்ணே. உள்ள போங்க."

"கீழ வந்தா?"

மெர்சிக்குப் பொய் வரவில்லை. "கெட்டது."

ஒருவரும் உள்ளே போகவில்லை.

வெங்கட்ரமணன் மறுபடி போனை எடுத்தார். "லீவே விட்டுடறேன்."

"நாளைக்கு மொத பஸ்ல நான் வரேன் சார். ஒரு சொட்டு வுழுந்தாலும் அப்படியே வூட்டுக்கு அனுப்பிடுங்க. வேலையே வேணாம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். செய்தியை அழித்தார். "அந்த ஒரு சொட்டுக்குக் காத்துண்டிருப்பேன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பகலவன் கூப்பிட்டான். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். பக்கத்து ஊரான வல்லம் வடகாலில், கார் சீட் செய்யும் கம்பெனியில் அவனும் எச்.ஆர்.தான்.

"இன்னா சொல்லுது உன் சேட்டிலைட்டு?"

"மழை வராது."

"நல்லா பாத்துட்டியா?"

"வேலையையே பணயம் வெச்சிகினு வரேன்."

"அது போதும்" என்று வைத்துவிட்டான். ஒரு கேலி இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. ஊரில் ஒருத்தனாவது நம்புகிறான் என்று மெர்சி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாள்.

காலையில் வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. புயல் ஆந்திராவுக்குப் போயிருந்தது. மெர்சி முதல் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடியே வந்தாள். பின் சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "ஞாயித்துக்கெழம நிச்சயத்துக்கு மட்டனா, சிக்கனாக்கா?"

"ரெண்டும்" என்றாள் மெர்சி.

கேட்டில் வெங்கட்ரமணன் குடையோடு நின்றிருந்தார்.

"ஒரு சொட்டு இல்ல, சார்."

"இல்லதான். ஒத்துக்கறேன். ஆனா லைன் ஓடாது. சீட் லாரி வரல. சீட் இல்லாம காரை எப்படி முடிக்கறது? இன்னிக்கு எல்லாரும் போங்கோ. ஞாயித்துக்கிழமை வாங்கோ."

மெர்சி கேட் செக்யூரிட்டி கிளியம்மாளிடம் திரும்பினாள். "லாரி ஏன் வரல?"

"சீட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேம்மா. நேத்து சாயந்திரம் வரைக்கும் அங்கயும் இன்னிக்கு வேலை நாள்னுதான் இருந்துதாம். நீ மழை வராதுன்னு அடிச்சு சொன்னியாமே, அதைக் கேட்டதும் பகலவன் சார் லீவு வுட்டுட்டாராம்."