புயல் மெஷினுக்குப் பொருந்தும் பை

இந்த வீட்டில் முதலாளி யார் என்பதை இன்று நிரூபித்தே தீருவது என்று பல் துலக்கும்போது சபதம் எடுத்தேன். பின்னே? நேற்று வந்த கொரியர்க்காரர், வாசலில் மலை மாதிரி நின்ற என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்கிறார்!

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தால் போனில், நான் கடை போட்டிருக்கும் இணையச் சந்தையிடமிருந்து ஒரு செய்தி. 'உங்கள் விற்பனை நிறுத்தப்பட்டது. மாலைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் கடை மூடப்படும்.'

இருந்த வேலையை உதறிவிட்டு, 'இனி எனக்கு நானே முதலாளி' என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து ஆரம்பித்த இணையக் கடை. விற்பது ஒரே சரக்கு. புயல் கம்பெனியின் தூசி உறிஞ்சும் மெஷினுக்குள் மாட்டும் துணிப்பை. தைப்பது என் மனைவி. விற்பது நான். அதாவது, மூளை என்னுடையது.

கடைப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது இது: 'புயல் மெஷினுக்குப் பொருந்தும் பை. புயல் கம்பெனி தயாரிப்பு அல்ல.'

எந்த வியாபாரியாவது தன் சரக்கை 'அல்ல' என்று சொல்லி விற்பானா? அவளிடம் சொல்லாமல் அதை வெட்டினேன். புயல் கம்பெனியின் முத்திரையைப் பெரிதாக ஒட்டினேன். 'புயல் ஒரிஜினல் பை' என்று போட்டேன். அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்திருக்கிறது.

"என்னங்க, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பல்வலி."

"நேத்து முதுகுவலின்னீங்க. வலி மேலே ஏறுது போல."

அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். அப்போதுதான் போனில் கண்ணில் பட்டது, அதே சந்தையில் 'ஊசிக்காரி' என்றொரு கடை. அதே மாதிரிப் பை. அதே புயல் பெயர். அது மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நான் முழுகினால் அவளும் முழுகட்டும் என்று அவள் மேல் ஒரு புகாரைத் தட்டிவிட்டு, சந்தையின் உதவி மையத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஊசிக்காரியும் புயல் பேரைப் போட்டிருக்கா! அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"சார், பேரைச் சொல்றது தப்பில்லை. எந்த மெஷினுக்குப் பொருந்தும்னு பேரைச் சொல்லாம எப்படிச் சொல்லுவாங்க? அவங்க தயாரிப்பு இல்லைன்னும் தெளிவா போட்டிருக்காங்க. நீங்க முத்திரையையே ஒட்டி, புயலே விக்கிற மாதிரி காட்டியிருக்கீங்க."

"அது ஒரு சின்ன ஆர்வக்கோளாறு..."

"அதையே உங்க விளக்கமா எழுதிக்கிறேன். கடையை மூடிடறோம் சார். உங்க புகாரை ஊசிக்காரிக்கு அனுப்பியாச்சு."

கூடத்தில் ஏதோ 'டிங்' என்றது. தையல் மெஷின் நின்றது. பிறகு மறுபடி ஓடியது, கொஞ்சம் வேகமாக.

கூடம் முழுக்க அவள் தைத்துக் குவித்த பைகள். கால் கடுக்க மிதித்ததெல்லாம் வீண் என்று எந்த வாயால் சொல்வேன்? ஊசிக்காரியின் காலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதினேன்: 'சகோதரி, புகார் சொன்னதை மன்னியுங்கள். என் பைகளையும் நீங்களே விற்றுத் தாருங்கள். விஷயம் என் மனைவிக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.'

அனுப்பினேன். கூடத்தில் 'டிங்'.

மெல்லக் கதவைத் திறந்தேன். போனைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டின பொண்டாட்டியைச் சகோதரின்னு கூப்பிட்ட முதல் ஆளு நீங்கதான்."

"ஊசிக்காரி... நீயா?"

"என் வரியை நீங்க வெட்டின அன்னைக்கே கடையைத் திறந்துட்டேன். ஒரே வீட்டுல ரெண்டு பேரும் முழுகக் கூடாதில்ல?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க சொல்லிட்டுத்தான் வெட்டினீங்களா?"

கூடத்தில் குவிந்து கிடந்த பைகளைப் பார்த்தேன்.

"பையைப் பத்திக் கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் நானே வித்துக்கிறேன். பார்சல் கட்டத்தான் ஒரு ஆள் வேணும்." ஒட்டும் டேப்பை நீட்டினாள்.

முதல் பார்சலைக் கட்டி முடித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடியில் புதிதாகச் சேர்த்திருந்தாள்: 'பார்சல் கட்டுபவர் இந்தக் கடைக்குப் பொருந்துவார். முதலாளி அல்ல.'