புளிப் பானைக்குள் ஆறு டப்பா

தட்டுப்பாடு வரும்போதுதான் தன் வீட்டில் எத்தனை மூலைகள் இருக்கின்றன என்பது மனிதனுக்குத் தெரிகிறது. நான் இலுப்பூரில் உரக்கடை வைத்திருப்பவன். யூரியா லாரி தாமதமானால், "ஆளுக்கு ரெண்டு மூட்டைதாங்க. நீங்க பதுக்குனா அடுத்தவன் பயிரு என்னாகும்?" என்று கல்லாவில் உட்கார்ந்து உபதேசம் செய்கிறவன். (அதைக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கடைப்பக்கம் வந்து சிரிக்க வேண்டாம்.)

நாற்பது வயதில் எனக்குத் துப்பாக்கி சுடும் ஆசை வந்தது. பயப்படாதீர்கள், காற்றுத் துப்பாக்கிதான். மிளகு அளவே இருக்கும் ஈயக் குண்டு, பெல்லட் என்போம். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையின் நடுவில் அதனால் ஓட்டை போடவேண்டும். ஊரில் ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் கிளப். முன்பு இலை போட்ட மேசையில் துப்பாக்கி. சாம்பார்க் கறை படிந்த சுவரில் அட்டை.

பக்கத்து மேசை ஆரோக்கியத்துக்கு. ஆவூர்க்காரன், ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். நான் சுட்டால் அட்டையைத் தவிர எல்லாவற்றிலும் படும். அவன் சுட்டால் ஒரே ஓட்டைதான்; அதற்குள்ளேயே எல்லாக் குண்டும் போகும். ஊரடங்கில் அவன் பள்ளி சம்பளத்தை நிறுத்தியது. மாநிலப் போட்டிக்குத் தேர்வான சர்டிபிகேட் இருந்தால் கோயம்புத்தூர்ப் பள்ளி ஒன்றில் கோச் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் மச்சினன் கூப்பிடும் மஸ்கட். அவன் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து பெல்லட் நின்றுபோனது. நல்ல பெல்லட் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. கப்பல் வரவில்லை என்றார்கள். கிளப் வாட்ஸப்பில் காலை வணக்கத்துக்குப் பதிலாக "பெல்லட் டப்பா கிடைக்குமா?" என்று வர ஆரம்பித்தது. திருச்சியில் ஒரு ஆள் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், அவனிடம் இருந்த ஆறு டப்பாவையும் வாங்கிவந்துவிட்டேன். ஆறும் எதற்கு? தெரியாது. நான் சுடும் லட்சணத்துக்கு உளுந்தே போதும்.

எங்கே வைப்பது? பீரோவில் வைத்தால் என் மனைவி செல்வி கண்டுபிடித்து விலையைக் கேட்பாள். கடையில் வைத்தால் ஆரோக்கியம் கண்ணில் படும். அப்போதுதான் சமையலறைப் புளிப் பானை என்னைப் பார்த்தது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, அமுக்கி அடைத்த ஒரு வருஷப் புளி. அடிப்புளிக்குக் கை போக எப்படியும் மாசிக்கு மேல் ஆகும். செல்வி ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், ஆறு டப்பாவையும் பாலித்தீன் பையில் சுற்றி, கையை முழங்கை வரை விட்டு அடியில் இறக்கினேன். கையில் இருந்த எரிச்சல் மூன்று நாள் போகவில்லை. (உடம்பு முதலிலேயே எச்சரித்தது.)

மறுவாரம் ஆரோக்கியம் கடைக்கு வந்தான்.

"மாப்ள, ஒரே ஒரு டப்பா இருந்தா குடுடா. பிராக்டீஸுக்குச் சுத்தமா இல்ல. வெறும் ட்ரிகரத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

"எங்கிட்ட ஏதுடா? நானே கையப் பெசஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"நெசமா?"

"ஒங்க மாதா மேல சத்தியம்."

(எங்கள் குலதெய்வம் மேல் செய்திருக்கலாம். ஆனால் அது கோபக்காரச் சாமி.)

அவன் நம்பினான். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. போட்டிக்கு மட்டும் போதுமான பெல்லட்டை யார் யாரிடமோ கெஞ்சிச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதுவரை வெறும் ட்ரிகரை இழுத்தே பயிற்சி எடுத்தான்.

மாநிலப் போட்டிக்கான தேர்வு திருச்சியில் நடந்தது. கிளம்பும் காலையில் பானையைத் தோண்டி ஒரு டப்பாவை எடுத்தேன். பாலித்தீன் எங்கேயோ கிழிந்திருந்தது. டப்பாவைத் துண்டில் துடைத்துப் பைக்குள் போட்டேனே தவிர, திறந்து பார்க்கவில்லை.

போட்டி அரங்கில் எனக்கும் ஆரோக்கியத்துக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். எல்லாரும் மூச்சை அடக்கி நிற்கும் அமைதியில், துருப்பிடித்த மூடியை வண்டிச் சாவியால் நெம்பினேன். டப்!

முதலில் வந்தது வாசம். காரக்குழம்பு கொதிக்கிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. உள்ளே பெல்லட் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஈயத்தைப் புளி தின்றிருந்தது. வேறு வழியில்லாமல் ஒன்றைப் பேன்ட்டில் தேய்த்து, அமுக்கித் திணித்துச் சுட்டேன்.

"புஸ்" என்றது. அவ்வளவுதான். குண்டு துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

நடுவர் வந்து டப்பாவை முகர்ந்து பார்த்தார். "சார், இது என்ன?"

"பெல்லட் சார்."

"புளி ஒட்டியிருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான், அப்புறம் டப்பாவைப் பார்த்தான். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். அந்தப் பானையை அவனுக்குத் தெரியும். மறுபடி துப்பாக்கியைத் தூக்கினான். அதற்கப்புறம் அவனுடைய அட்டையில் விழுந்தது ஒரே ஓட்டை இல்லை; அங்கொன்றும் இங்கொன்றுமாக. தேர்வு ஒரு பாயிண்டில் போனது.

திரும்பும் பஸ் விராலிமலையைத் தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன். "மாப்ள, நான்..."

"ஒரு டப்பாதானடா கேட்டேன்," என்றான்.

வீட்டில் செல்வி ஆடிய ஆட்டம் தனிக்கதை. ஈயம் ஊறிய புளியைத் தின்ன முடியுமா? ஒரு வருஷப் புளியும் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. குழியை வெட்டியது நான். "ஆழமா வெட்டுங்க. பதுக்குறதுலதான் கெட்டிக்காரராச்சே!" என்று மேலே நின்று மேற்பார்வை பார்த்தாள். இப்போதும் வீட்டில் எது காணாமல் போனாலும், "பானையில கைய விட்டுப் பாருங்க," என்கிறாள்.

ஆரோக்கியம் மஸ்கட் போய்விட்டான். துப்பாக்கியை விற்றுத்தான் டிக்கெட் எடுத்தான். பெல்லட் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது.

லீவில் வரும்போதெல்லாம் மனைவி, மகளோடு எங்கள் வீட்டுக்கு வருவான். வாசலிலேயே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் செல்வியிடம் நீட்டுவான். மஸ்கட் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய புளி.

"அங்கிட்டு நெறயக் கெடைக்குதுமா. இவன் கண்ணுல படாம வையி."

செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவனும் சிரிப்பான். அவனோடு வரும் மகளுக்கு அப்பாவிடம் இன்னும் பழக்கமில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான்தான் எல்லோரையும் முந்திக்கொண்டு சத்தமாகச் சிரிப்பேன். முந்தாவிட்டால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.