காத்திவாக்கம் மைதானத்திலிருந்து நான் வெளியேற்றப்பட்ட விவரம்

ராயபுரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய மச்சான் ஜெரால்ட் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஞானபாக்கியத்தின் கணவன் தேவப்பிரியம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். நாசரேத்தில் தாங்களும் மதினியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

வாலிபால் நடுவராகப் பழகிவரும் தங்கள் மகள் ஜெனியை, என் மகள் ஜெஸ்லின் படித்த மாதிரி, காசு கட்டிப் படிக்கும் நடுவர் பயிற்சியில் சேர்க்கலாமா, அதனால் மேலே வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மச்சான். எட்டு வாரம் ஜெஸ்லின் போன் முன்னால் உட்கார்ந்து யாரோ ஓய்வுபெற்ற நடுவர் பேசியதைக் கேட்டாள், கண்ணாடி முன் நின்று கை நீட்டினாள், மொட்டைமாடியில் விசில் ஊதினாள், கீழ் வீட்டு அத்தாவுல்லா பாய் குக்கர் என்று நினைத்து அடுப்பை அணைத்ததுதான் கண்ட பலன். இன்று அவள் மாநில நடுவர் பட்டியலில் இருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் நான்.

போன மாதம் காத்திவாக்கத்தில் கால்பந்து இறுதிப் போட்டி. என் கயிற்றுக் கடை பெயரில் ஆடும் டீமுக்கு நான்தான் மேனேஜர். வரவேண்டிய நடுவர் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதால், உதவி நடுவராக வந்த ஜெஸ்லினை ஊதச் சொன்னார்கள். அவ, "அது எங்கப்பா டீம், நான் ஊதறது சரியா இருக்காது"ன்னா. எதிர் டீம் கேப்டன் ஃப்ரெடி, "பரவால்லக்கா, ஊதுங்க"ன்ட்டான். எனக்கு உள்ளுக்குள்ள குஷி, மறைக்க மாட்டேன்.

கோல் இல்லாம ஆட்டம் முடியப்போற நேரம், நம்ம கோல்கீப்பர் ஃப்ரெடியோட கால வாரிட்டான். ஊருக்கே தெரிஞ்சிது. ஜெஸ்லின் பெனால்டின்னு கை காட்டிட்டா. நான் கோட்டத் தாண்டி ஓடி, "இன்னாம்மா இது, நம்ம கடை டீமு"ன்னேன். "மேனேஜர் சார், உங்க எடத்துக்குப் போங்க"ன்னா. சார், மச்சான். பெத்த அப்பன. "வூட்டுக்கு வா, பேசிக்கிறேன்"ன்னேன். சிவப்பு அட்டய எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டி, வாசப்பக்கம் கை நீட்டினா. கை ஆடல, குரல் ஏறல.

வெளிய வந்து, வல பின்னிகினு இருந்தவங்க பக்கத்துல நின்னேன். ஆவுடையம்மாள்னு ஒரு அம்மா, "ஊதறது யார் பொண்ணு?"ன்னுச்சு. "எம் பொண்ணுதான்"ன்னேன். "உன்னியே தொரத்திச்சா? நல்லா வளத்துகீற"ன்னு சொல்லி, நவுந்து குந்த எடம் குடுத்துச்சு. உள்ள ஃப்ரெடி பெனால்டிய கோலாக்கின சத்தம் கேட்டுச்சு. நான் நெஞ்ச நிமித்திகினு ஒக்காந்திருந்தேன் மச்சான்.

பார்க்க வந்திருந்த நடுவர் சங்க அதிகாரி, பெற்ற தகப்பனையே தயங்காமல் வெளியேற்றியவர் என்று எழுதிப் பரிந்துரைத்தார், பட்டியலில் பெயர் வந்தது. ஆகவே ஜெனிக்கு வேண்டியது பயிற்சி அல்ல, மைதானத்தில் இறங்கிக் கத்த ஒரு தகப்பன். தாங்கள் இருக்கிறீர்கள்.

மதினிக்கு ஸ்தோத்திரம். ஜெனியின் விசில் ஆசீர்வதிக்கப்படட்டும்.

இப்படிக்கு,
ஜெஸ்லினின் அப்பா தேவப்பிரியம்

பி.கு: ஜெஸ்லின் இதைப் படித்துவிட்டாள். உறவினர் மைதானத்துக்குள் வந்தால் என்ன செய்வது என்பது அந்தப் பயிற்சியில் ஆறாம் வாரப் பாடமாம். பத்து நாள் சமையலறையில் ஒத்திகை நடந்திருக்கிறது. நானாக நடித்தது தங்கள் தங்கை. நான் என்னவெல்லாம் சொல்வேன் என்று ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஜெனியை உடனே சேர்த்துவிடுங்கள். தாங்கள் மைதானத்துப் பக்கம் போக வேண்டாம்.