வாங்கப் போகிறவர்

லேப்டாப் வாங்கியவர்களை உங்களுக்குத் தெரியும். லேப்டாப்பே வேண்டாம் என்று நிம்மதியாக இருப்பவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல் நடுவில் ஓர் இனம் உலவிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் வாங்கப் போகிறவர்கள். இவர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காசு தயாராக இருக்கிறது. ஆசையும் வேண்டிய மட்டும் இருக்கிறது. அடுத்த மாடல் வரட்டுமே என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இனத்தை ஆராய நான் எங்கேயும் அலையவில்லை. என் அக்கா இவர்களில் ஒருவரைக் கல்யாணமே செய்துகொண்டிருக்கிறாள்.

மாமா கட்டடங்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவர். குறை சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். அவர் போட்ட மாடிப்படியில் யாரும் தடுக்கி விழுந்ததில்லை, அவர் வைத்த ஜன்னலில் காற்று வராமல் போனதில்லை. அலுவலகம் மட்டும் அக்காவின் சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் போகிறவர்களைப் போலச் சாப்பிடுவார்கள். ஒரு பல் டாக்டர் புது கிளினிக் கட்டப் போவதாகவும், பிளானை மாமாதான் போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பெரிய வேலை. கையெழுத்தானால் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்து அலுவலகத்தை அங்கே கொண்டுபோய்விடுவது என்று ஏற்பாடு. டாக்டரைவிட அக்காதான் அந்தக் கிளினிக்குக்காக அதிகம் ஏங்கினாள்.

இனி அந்த லேப்டாப்பைப் பற்றி. லேப்டாப் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மூடியின் கீல் உடைந்து பின்னால் சாயும், ஆகவே அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு காலி பெயிண்ட் டப்பா. பேட்டரி எப்போதோ கண்ணை மூடிவிட்டது, ஆகவே சார்ஜர் ஒயரை ஒரு தினுசாக முறுக்கி அதன் மேல் கத்தரிக்கோலை வைத்து அழுத்த வேண்டும். கத்தரிக்கோல் நகர்ந்தால் காலையிலிருந்து போட்ட சமையலறை, கழிப்பறை எல்லாம் போச்சு. ஆகவே அந்த வீட்டில் யார் மேஜைப் பக்கம் போனாலும், "ஏய், ஒயர்!" என்று ஒரு குரல் கிளம்பும். வந்த விருந்தாளிக்கும் அதே வரவேற்புதான். பெரிய பிளானைத் திறக்க வேண்டுமென்றால் மாமா அதை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து, தலை துவட்டி, சட்டை போட்டுக்கொண்டு வரும்போது பாதிக் கட்டடம் தெரியும்.

புதுசு வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், எல்லோரும்தான் கேட்டோம். அடுத்த சிப் வரப்போகிறது, இப்போது வாங்குவது முட்டாள்தனம் என்பார். சரி, அது வந்தது. உடனே வாங்குவாரா? முதலில் வருவதில் ஏதாவது கோளாறு இருக்கும், மற்றவர்கள் வாங்கி அவஸ்தைப்படட்டும். பட்டார்கள். கோளாறும் தீர்ந்தது. இனி விலை இறங்க வேண்டும். இறங்கியது. ஏன் இறங்கியது? அடுத்தது வரப்போகிறது, அதனால்தான் இறங்கியது. அப்படியிருக்க எந்தப் புத்தியுள்ளவன் இதை வாங்குவான்? இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்ததில் மாமாவுக்கு மிஞ்சியது ஞானம். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையில் எந்தச் சிப் வெந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடைக்குப் போனால் விற்பனையாளரே அவரிடம் சந்தேகம் கேட்பார். ஆனால் வாங்க வந்த நாலு பேரையும், "பொறுங்க, பொறுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால், அவர் தலை தெரிந்ததும் முதலாளி எழுந்து வந்து, தோளில் கை போட்டு, உள்ளறைக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்து உட்கார வைத்துவிடுவார். தெரிந்தவர் யாராவது புதுசு வாங்கிவிட்டால் மாமா நேரிலேயே போவார். துக்கம் விசாரிக்கிற குரலில், "அவசரப்பட்டுட்டீங்களே" என்பார். அவ்வளவுதான். வாங்கியவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

டாக்டரிடம் பிளானைக் காட்டும் நாள் வந்தது. ஒயரைப் பிடித்துக்கொள்ள என்னையும் அழைத்துப்போனார். டாக்டரின் பழைய கிளினிக் ஒரு சந்து மாடியில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்குப் படிக்கட்டுதான் நாற்காலி. மாமா பிளானைத் திறக்கச் சொல்லி அழுத்தினார். அங்கே குளிக்க வசதியில்லை. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"படம் எங்க சார்?" என்றார் டாக்டர்.

"வந்துட்டே இருக்கு டாக்டர்."

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?"

பாவம், தெரியாமல் கேட்டுவிட்டார். மாமாவின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். இன்றைக்கு வாங்குகிறவன் நேற்றைய சரக்கை வாங்குகிறான் என்றார், காத்திருப்பவன்தான் உலகத்தை ஆளுவான் என்றார், வரப்போகும் சிப்பில் இருக்கும் சமாசாரங்களை வந்துவிட்டவை போலவே விவரித்தார். பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய டாக்டர் அன்றைக்குத் தன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எல்லாத்துக்கும் இதே கதைதானா சார்?"

"எல்லாத்துக்கும்தான் டாக்டர்!"

நான் ஒயரை விட்டுவிட்டு மாமாவின் காலை மிதித்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துத் திரையில் கட்டடம் முழுசாக எழுந்து நின்றது. அகலமான வாசல், வெளிச்சமான காத்திருப்பு அறை, சாய்வான நடைபாதை. நிஜமாகவே அழகாக இருந்தது. டாக்டர் அதைப் பார்க்கவில்லை. விட்டத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"மூடி வைங்க சார். பல் பார்க்கிற நாற்காலியே இப்ப தினுசு தினுசா மாறிட்டிருக்கு. அடுத்து வர்றது எவ்வளவு இடம் அடைக்கும்னு யாருக்குத் தெரியும்? இப்ப கட்டினா இடிக்கத்தான் வேணும். பொறுப்போம். நல்லவேளை, கண்ணைத் திறந்தீங்க."

தெருவில் வரும்போது மாமா குஷியாக இருந்தார். "மனுஷன் கற்பூரம் மாப்ளே. சொன்ன உடனே பிடிச்சுக்கிட்டார் பார்த்தியா?"

"வேலை என்ன ஆச்சு மாமா?"

"எந்த வேலை?" என்றார். அப்புறம் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

அக்கா முழுசும் கேட்டாள். சத்தம் போடுவாள் என்று நான் பயந்தேன். போடவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, உங்களைப் பொண்ணு பார்க்க வரச் சொன்னப்ப, அடுத்த மாடல் வரட்டும்னு நான் காத்திருந்தேனா?"

இந்த இனத்தின் நேர்மையை நீங்கள் மெச்ச வேண்டும். மாமா உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அப்பல்லாம் இவ்வளவு வேகமா மாடல் மாறலையே" என்றார்.

மறுநாள் அக்கா தனியாகக் கடைக்குப் போனாள். அடுத்த வாரம் புதுசு வருகிறது என்று சொல்ல வாயெடுத்த விற்பனையாளரை அவள் பார்த்த பார்வையில் அவர் பில் போடப் போய்விட்டார். பெட்டியைக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தாள்.

"சீல் உடைக்காதே, திருப்பிக் குடுத்துடலாம். இதுல பழைய சிப்பு."

"இருக்கட்டும்."

"அடுத்தது எப்படி இருக்கும் தெரியுமா?"

"தெரியாது. இது இன்னைக்கு இருக்கு." சொல்லிக்கொண்டே சீலைக் கிழித்தாள்.

மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அதில் பிளானைத் திறந்தார். வழக்கம்போல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி வைத்துத் திரும்பிப் பார்த்தால் கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது. துண்டோடு அப்படியே உட்கார்ந்து வேலை செய்தவர் அன்றைக்குக் குளிக்கவே இல்லை.

வேலை முடிந்ததும் டாக்டரிடம் ஓடினோம். இந்தத் தடவை நான் எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தன் ஆயுளில் முதல்தடவையாக மாமா தன் மதத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். "இப்பவே கட்டிடுங்க டாக்டர். காத்திருந்தா காத்துக்கிட்டேதான் இருக்கணும். படிக்கட்டுல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பாருங்க!" டாக்டர் அன்பாகச் சிரித்து, தன் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டார். "இதைப் பாருங்க சார். இன்னும் வெளியே வரலை. தானே மடங்குற நாற்காலியாம்!" அந்தக் கண்களில் இருந்த ஒளி எனக்கு நன்றாகத் தெரிந்த ஒளி. மாமாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். லேப்டாப்பை மூடினார்.

வேலை போயிற்று. அறையும் போயிற்று. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்குப் போய், சுருட்டி வைத்த தாள்கள், அளவுகோல்கள், பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் வாரி ஜன்னலோரம் தரையில் வைத்தார். மேஜையை ஈரத்துணியால் துடைத்தார். "வேற அலுவலகம் கிடைக்கட்டுமே, என்ன அவசரம்?" என்று அக்கா கேட்டுவிட்டு, தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள். மாமா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆக, ஒருவர் குணமாகிவிட்டார். ஆனால் டாக்டரைப் பார்த்தீர்கள் அல்லவா? ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில் பிடித்த வியாதி அது. நீங்களும் இத்தனை நேரம் இதை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேச வேண்டிய ஒரு பேச்சாக இருக்கலாம், போய்ப் பார்க்க வேண்டிய ஓர் ஆளாக இருக்கலாம். எதை நல்ல நேரம் பார்த்துத் தள்ளி வைத்திருக்கிறீர்கள்? சொல்லுங்கள். என்ன, "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறீர்களா?

சரிதான். வாருங்கள், அந்தக் கடை உள்ளறையில் டீ கொடுப்பார்கள்.